துடைத்த புள்ளி

போன வாரம் தையலக்காவைக் கண்ணாடிக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், கையில் பையும் முகத்தில் கோபமுமாக அங்கேயேதான் நிற்கிறாள். உள்ளே கூப்பிட்டுவிடலாம்.

அதற்கு முன்னால், நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவர் நகர பஸ் ஓட்டுகிறவர். இளையவர் கண்ணாடிக்காரர், அதாவது கண்ணைச் சோதித்து மூக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். தையலக்கா மூத்தவரின் மனைவி, வீட்டிலேயே துணி தைப்பவள். கண்ணாடிக்காரரின் மனைவிக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் டச்சப். ஃபோட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மணப்பெண்களின் முகப்பருவை அழித்து, மாப்பிள்ளைகளின் வழுக்கையில் முடி வளர்த்து வாழ்ந்தவள் அவள். ஸ்டூடியோவை இழுத்து மூடியதும் புருஷனின் கடைக்கே வந்துவிட்டாள்.

மூத்தவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரியில் கைநிறைய மாத்திரை கொடுத்ததும், டிப்போவில் அவரிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மேஜையைக் கொடுத்ததும் பழைய கதை. அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக்காரர் கண்ணுக்குள்ளே படம் எடுக்கிற கேமரா ஒன்றை வாங்கினார். விழியின் பின்சுவரில் ரத்தக்குழாய்கள் அப்பட்டமாகத் தெரியும். உடம்பை அறுக்காமல் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணுக்குள்தான் பார்க்க வேண்டும். அண்ணன் கண்ணைத்தான் முதலில் எடுத்தார். வலது கண்ணில், ஒரு குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி மின்னியது.

இதய டாக்டர் படத்தைப் பார்த்தார். "இது கண்ணுல முளைச்சதில்ல. எங்கேயோ குழாய்ல படிஞ்ச கொழுப்பு உதிர்ந்து வந்து மாட்டியிருக்கு. கழுத்துக் குழாயை ஸ்கேன் பண்ணுங்க" என்றார். மூத்தவர் பண்ணவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், மழை விடட்டும் என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார்.

அதே நேரத்தில் கண்ணாடிக்காரர் எங்கேயோ எதையோ படித்துவிட்டு வைட்டமின் சி-யைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். அண்ணனுக்குக் கொடுத்தார். வருகிற வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார். கவுண்டர் மேல் ஒரு பெரிய ஜாடி நிறைய ஆரஞ்சு நிறத்தில் சப்புகிற மாத்திரை. ஒரு வருஷம் கழித்து எல்லார் கண்ணையும் மறுபடி படம் எடுத்தால், என்ன ஆச்சரியம், குழாய்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. அண்ணனின் புள்ளியைக் காணவே காணோம். இரண்டு படத்தையும் சேர்த்து ஃபிரேம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவிட்டார். அன்றையிலிருந்து மனுஷன் கால் தரையில் படவில்லை.

இப்போது தையலக்கா.

உள்ளே வந்தவள் பையைக் கவுண்டர் மேல் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள் சரசரவென்று விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னக்கா இது?" என்றாள் டச்சப்.

"உன் மாமா முழுங்கியிருக்க வேண்டிய மாத்திரை. யூனிஃபார்ம் சட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கார். இஸ்திரி போடலாம்னு சட்டையை எடுத்தேன், கொட்டுச்சு."

கண்ணாடிக்காரர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாங்க அண்ணி. உக்காருங்க. ஒரு சி எடுத்துக்கங்க."

"உங்க சி-யைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க. பல்லெல்லாம் கூசி, நூல் கடிச்சு அறுக்க முடியல என்னால. நேரா கேக்கறேன், மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"ஐயய்யோ, நான் சொல்லல அண்ணி."

"பின்ன?"

"படத்தைக் காட்டினேன். அப்ப இந்த மாத்திரையெல்லாம் எதுக்குடா இனிமேன்னு அவராத்தான் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சிரிச்சேன்" என்றார்.

தையலக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தச் சிரிப்பை மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் முதன்முதலாகத் தம்பியிடம் யோசனை கேட்கிறார்; தம்பி பெரிய டாக்டர் மாதிரி லேசாகச் சிரிக்கிறார். பஸ் ஓட்டுகிறவருக்கு அது போதாதா?

"இன்னைக்கு அவருக்குத் திரும்ப வண்டி குடுக்கறாங்க, தெரியுமா?" என்றாள். "உங்க படத்தைத்தான் கைல பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கார், டிப்போ டாக்டர்கிட்ட காட்ட. போறப்ப விசில் வேற. நேத்து சாப்பிட்டுக்கிட்டே இருந்தவர், கரண்ட் போச்சான்னு கேட்டார். போகலையேன்னேன். ஒரு கண்ணுல மட்டும் ஷட்டர் இறக்கின மாதிரி இருட்டிடுச்சாம். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுச்சு. சிரிச்சுக்கிட்டே சாப்பாட்டைத் தொடர்ந்தார்."

"எந்தக் கண்ணு?" கண்ணாடிக்காரரின் குரல் ஒரு படி இறங்கியது.

"வலது."

அவர் சுவரில் மாட்டிய ஃபிரேமைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"தண்ணி சரியா குடிச்சிருக்க மாட்டார் அண்ணி. புள்ளி இருந்தா நானே பயந்திருப்பேன். அதான் படத்துல ஒண்ணுமே இல்லையே."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் பாக்காம வேற யார் பாக்கறது?"

தையலக்காவுக்கு நம்பவும் முடியவில்லை, மறுத்துப் பேசவும் தெரியவில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள் தைத்து அடுக்கிக் கிடக்கின்றன, வாங்க ஆட்கள் வந்துவிடுவார்கள். "உங்க அண்ணனை நீங்கதான் பாத்துக்கணும். நான் சொன்னா எடுபடாது" என்று சொல்லிவிட்டு, மாத்திரை அட்டைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

"கேட்டியா?" என்றார் கண்ணாடிக்காரர், அவள் படியிறங்கியதும். "பேனர் வேலை என்னாச்சு? இன்னைக்கு அனுப்பினாத்தான் நாளைக்கு அடிச்சுக் குடுப்பாங்க. அண்ணனோட ரெண்டு படம், பக்கத்துப் பக்கத்துல, ஆள் உயரத்துக்கு. ரோட்ல போறவன் நின்னு பாக்கணும்."

"ஆள் உயரத்துக்கு உங்க அண்ணனே நிக்கறப்ப மிரண்டு போறாங்க. கண்ணு மட்டும் அந்த உயரமா?"

"கிண்டல் பண்ணாதே, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளறைக்குப் போய்விட்டார். உள்ளே ஒரு வாடிக்கையாளர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றும் தெரியாமல், சுவர் பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

டச்சப் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சுவரில் இருக்கிற பிரிண்டை அப்படியே பெரிதாக்கினால் புழுதி பறந்த மாதிரி இருக்கும். பேனருக்கு அசல் படம்தான் வேண்டும். அசலை அவள் எப்போதும் தூக்கிப் போட்டதில்லை. ஸ்டூடியோவில் முதல் நாள் முதலாளி சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்: மெருகேற்றியதைக் கொடு, அசலைப் பத்திரமாக வை, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்.

படம் எடுப்பதும் இங்கே அவள்தான். வாடிக்கையாளரைக் கேமரா முன் தாடையை வைக்கச் சொல்லி, பச்சை விளக்கைப் பார்க்கச் சொல்லி, பட்டனை அழுத்துவாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஓரம் இருட்டாக இருந்தால் வெளிச்சம் கூட்டுவாள். மங்கலாக இருந்தால் தெளிவாக்குவாள். தூசி தும்பு இருந்தால் ஒரு தட்டுத் தட்டி அழிப்பாள். அப்புறம்தான் பிரிண்ட் போட்டுப் புருஷனிடம் நீட்டுவாள். "பளிச்சுனு இருக்கே!" என்று அவர் சொன்னால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். யாரும் அவளிடம் மெருகேற்றச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மணப்பெண் கேட்டுக்கொண்டா பருவை அழித்தாள்?

மூத்தவரின் புதிய படத்தின் அசலைத் திறந்தாள்.

மஞ்சளாக ஒரு புள்ளி மின்னியது.

அதே இடம். குழாய் இரண்டாகப் பிரிகிற அதே முனை. அதற்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு கிளை பிரிகிற இடத்தில், இன்னொன்றும் இருந்தது.

டச்சப்புக்கு முதலில் விளங்கவில்லை. பழைய படத்தைத் தவறுதலாகத் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடித் திறந்தாள். புதிய படம்தான். சுவரைப் பார்த்தாள். அங்கே புள்ளி இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இங்கே இரண்டு இருந்தன.

அப்போதுதான் அவளுடைய வலது கைக்கு ஞாபகம் வந்தது. லென்ஸில் தூசி என்று நினைத்து, ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அழித்தது அவள்தான்.

தூசியாகவே இருக்கக் கூடாதா? அவள் அப்படித்தான் வேண்டிக்கொண்டாள். லென்ஸில் தூசி என்றால், அடுத்து வந்தவர் படத்திலும் அதே இடத்தில் விழுந்திருக்க வேண்டும். தூசி ஆளுக்கு ஆள் இடம் மாறாது. அதே நாளில் எடுத்த மற்றவர்களின் அசலைத் திறந்தாள். ஒருவருக்கும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அது மட்டுமா? பழைய படங்கள் எல்லாம் அவள் கடைக்கு வருவதற்கு முன்னால் எடுத்தவை. புருஷன் எடுத்து, புருஷனே பிரிண்ட் போட்டவை. எடுத்தது எடுத்தபடி, மங்கலாக. புதிய படங்கள் அவள் கைபட்டவை. ஆக இந்தக் கடைக்கு வந்து போகிற அத்தனை பேரின் ரத்தக்குழாயும் பளிச்சென்று ஆனது சி சாப்பிட்டதால் அல்ல. டச்சப் வேலைக்குச் சேர்ந்ததால்.

வேறு யார் வீட்டுக் கதையாக இருந்தாலும் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். எழுந்து உள்ளறைக்குப் போனாள். "என்னங்க, கொஞ்சம் வெளியில வாங்க."

"ஆள் இருக்காங்கம்மா."

"அவருக்குத்தான் இப்ப ஒண்ணும் தெரியாதே, இருக்கட்டும். வாங்க."

வந்தார். பார்த்தார். அவள் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தூசின்னு நினைச்சுத்தானே அழிச்சே?"

"ஆமா."

"அப்ப தூசியாத்தான் இருக்கும்."

"தூசின்னா அடுத்த ஆள் படத்துல எங்க போச்சு?"

"தட்டி விட்டிருப்பே."

"நான் லென்ஸைத் தொடலைங்க."

"ஞாபகமில்லாம துடைச்சிருப்பே. நீதான் எதையும் சும்மா விட மாட்டியே!"

குரல் உயர்ந்தது. உள்ளறையிலிருந்து வாடிக்கையாளர், "சார், நான் இன்னும் கண்ணை மூடணுமா?" என்று கேட்டார்.

டச்சப் திரையில் இரண்டு புள்ளிகளையும் தொட்டுக் காட்டினாள். "மாமாவுக்கு நேத்து ஒரு கண்ணு இருட்டிச்சுங்க" என்றாள். "அக்கா சொன்னப்ப நீங்க சுவத்தைப் பாத்தீங்க. பாத்து நிம்மதி ஆனீங்க. நீங்க பாத்தது மாமா கண்ணை இல்ல. என் கை வேலையை."

கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு புள்ளிகளையும் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் கழன்று விழுந்தது. பேனர் போனது, ஜாடி போனது, கடைசியில் அண்ணனும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள். "கொழுப்புதான்" என்றார். "உதிர்ந்துகிட்டே இருக்கு. அதான் இருட்டியிருக்கு. அடுத்தது மூளைக்குப் போனா…"

முடிக்காமல் ஃபோனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிப்போவுக்குள் போனால் மூத்தவர் ஃபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

"நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள் டச்சப்.

"நானா? என்னன்னு போய் நிக்கறது அவர் முன்னால? ஜென்மத்துல முதல் தடவையா நான் சொன்னதைக் கேட்டார்…"

அவளுக்குப் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். "அழிச்சது நான்தானே. நானே போறேன்" என்று சொல்லிவிட்டு, அசல் படத்தை ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினாள். டாக்சி கிடைத்தது.

டிப்போவில் வரிசையாக பஸ்கள் நின்றன. மூத்தவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. இருக்கிறதிலேயே பளபளப்பாக நின்ற பஸ்ஸில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். புதிதாகச் சவரம் செய்த முகம். இஸ்திரி போட்ட சட்டை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அட, டச்சப்!" என்றார். "முதல் ட்ரிப்புக்கு முதல் பாசஞ்சர் நீதானா? ஏறு, ஏறு. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடுவேன்."

"டாக்டர் பாத்தாரா மாமா?"

"பிரஷர் பாத்தார், நெஞ்சுல வச்சுப் பாத்தார். படத்தைக் காட்டினேன். கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதுப்பா, ஆனா அழகா இருக்குன்னார். கையெழுத்து போட்டாச்சு."

அழகாக இருக்காமல் என்ன செய்யும் என்று டச்சப் நினைத்துக்கொண்டாள். படியேறி அவர் பக்கத்தில் நின்றாள். கொண்டுவந்த படத்தை ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

"இது என்ன, என் பழைய படமா?"

"புதுசு மாமா. இதான் அசல். உங்ககிட்ட இருக்கறது நான் துடைச்சது."

"துடைச்சதுன்னா?"

"தூசின்னு நினைச்சு அழிச்சிட்டேன். கல்யாண ஃபோட்டோல அழிக்கற மாதிரி. உங்களுக்குப் புள்ளி போகவே இல்ல மாமா. இன்னொண்ணும் வந்திருக்கு."

மூத்தவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்ஜின் சத்தத்தில் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது, படமும் நடுங்கியது.

"அப்ப ஒரு வருஷமா நான் சப்பிச் சாப்பிட்டது?"

"அது உடம்புக்குக் கெடுதல் இல்ல. ஆனா புள்ளியை மறைச்சது அது இல்ல, நான்."

"உன் புருஷன் எங்கே? ஏன் உன்னை அனுப்பினான்?"

"உங்க முகத்தைப் பாக்கறதுக்குத் தைரியம் வரல."

"முட்டாப்பய" என்றார் மூத்தவர். திட்டாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் தழுதழுத்துவிட்டது. "சின்ன வயசுலேர்ந்து அவன் எதைச் சொன்னாலும், போடா டேய்னு சொல்லியே வளர்த்தேன். இந்த ஒரு தடவை, சரிடான்னேன்."

வாசல் பக்கத்தில் ஆட்கள் வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு முன்னால் நின்றாள். கதவு எப்போது திறக்கும் என்று எல்லாரும் மூத்தவரையே பார்த்தார்கள்.

"ஒரு ட்ரிப் போயிட்டு வந்துடறேன்மா. வந்ததும் நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார்.

"வேண்டாம் மாமா."

"ஒரே ஒரு ட்ரிப். எத்தனை நாளாச்சு தெரியுமா, இந்த சீட்ல உக்காந்து? மேஜைக்குப் பின்னால உக்காந்து உக்காந்து செத்துப் போயிருந்தேன். அந்த மாத்திரையைப் பாத்தாலே, நீ வண்டிக்கு லாயக்கில்லன்னு சொல்ற மாதிரி இருக்கும். அதான் எடுத்துக்கல. உன் புருஷன் சிரிச்சது எனக்கு ஒரு சாக்கு."

"காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னால டயர் பாப்பீங்கல்ல?"

"பாக்காம?"

"டயர்ல ஒரு வெடிப்பு இருக்கு. ஒருத்தன் அது மேல கறுப்புச் சாயம் அடிச்சு, புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துட்டான். அப்புறம் அவனே ஓடி வந்து சொல்றான், சார் உள்ளே வெடிப்பு இருக்குன்னு. ஒரு ட்ரிப் போயிட்டு வந்து பாக்கறேன்னு சொல்வீங்களா?"

மூத்தவர் ஸ்டியரிங் மேலிருந்த படத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"சாயம் அடிச்சவ நான் மாமா. சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடி வழியாக வரிசையைப் பார்த்தார். கைக்குழந்தைக்காரியைப் பார்த்தார். ரொம்ப மெதுவாக, யாரோ மூன்றாவது மனுஷனைப் பற்றிச் சொல்வது போல, "காலைல சவரம் பண்றப்பவும் ஒரு தடவை இருட்டுச்சு" என்றார். "உங்க அக்காகிட்ட சொல்லல."

சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. அந்த அமைதியில் அவர் அழுதார். சத்தமில்லாமல், இஸ்திரி போட்ட சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார். டச்சப் வெளியே வரிசையில் நின்றவர்கள் பார்க்காதபடி அவரை மறைத்து நின்றுகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மளமளவென்று வேலை நடந்தது. இருட்டிய கதையைச் சொன்னதுமே காத்திருக்கச் சொல்லாமல் உள்ளே கூட்டிப் போனார்கள். கழுத்தில் பசை மாதிரி ஏதோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். டச்சப் ஃபோன் பண்ணியதும் தையலக்கா கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடி வந்தாள்.

"வலது பக்கக் குழாய் ரொம்ப அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். இளம்பெண், நீட்டி முழக்காமல் பேசினார். "இன்னைக்கு வந்தது நல்லதாப் போச்சு. இல்லைன்னா பக்கவாதத்துல கொண்டு வந்திருப்பீங்க. அட்மிட் பண்றோம். ஆபரேஷனா வேற வழியான்னு நாளைக்குப் பேசலாம். மாத்திரையை யார் நிறுத்தினது?"

"நானேதான்" என்றார் மூத்தவர், படுத்தபடி. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வைட்டமின் சி சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்" என்றாள் டச்சப், சொல்லாமல் விட மனசில்லாமல்.

"சாப்பிடட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா இதைக் கரைக்கும்னு அதை நம்பி இதய மாத்திரையை விடக் கூடாது. அப்படி கரைக்கும்னு யாரும் நிரூபிக்கல. கண் படம் எடுத்தது நல்ல விஷயம். எடுத்ததை எடுத்தபடி பாத்திருக்கணும்."

தையலக்கா வெளியே வந்து டச்சப்பின் கையைப் பிடித்தாள். திட்டப் போகிறாள் என்று டச்சப் நினைத்தாள்.

"ஏன்டி" என்றாள் தையலக்கா, "இனிமே என் படத்தைத் தொட்டேன்னா பாரு. இருக்கற சுருக்கம் இருக்கட்டும்." சொல்லிவிட்டு அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

டச்சப் கடைக்குத் திரும்பியபோது சாயங்கால வெயில் கண்ணாடி அலமாரிகளில் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் ஃபிரேம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. ஜாடி கவுண்டருக்குக் கீழே போயிருந்தது. கண்ணாடிக்காரர் அவள் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"முட்டாப்பயன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டாக்டர்கிட்ட உங்க பேச்சையே எடுக்கல."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "போய்ப் பாக்கறேன். அதுக்கு முன்னால இதை முடிச்சுடணும். வேற யார் யார் படத்துல என்னென்ன அழிச்சே?"

"ஞாபகமில்லைங்க. கை அது பாட்டுக்குச் செய்யும்."

"அப்ப எல்லாத்தையும் திற. அசல் மட்டும். ஒவ்வொண்ணா பாப்போம். புள்ளி இருக்கறவங்களை இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடணும். காறித் துப்பினாலும் பரவாயில்ல."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே அவளுக்குப் பிடித்த பேச்சு அதுதான். அதை அவள் சொல்லவில்லை; உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தாள்.

திரை முழுக்க ஒரு கண். ஆரஞ்சு நிற வட்டம், அதில் கிளை கிளையாகக் குழாய்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "நல்லா இருக்கு. அடுத்தது." அடுத்தது. "இதுல அழிச்சது நிஜமாவே தூசி. அடுத்தது." ஒரு படத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு, "இது வேற, சர்க்கரைக்காரங்களுக்கு வர்றது, இவங்க ஏற்கெனவே டாக்டர்கிட்ட போறாங்க" என்றார். அவருடைய பழைய நிதானம் திரும்பி வந்துகொண்டிருந்தது. டச்சப்புக்கும் மூச்சு கொஞ்சம் சீராகியது. ஒருவேளை ஆபத்து மூத்தவரோடு நின்றுவிட்டதோ என்னவோ.

அடுத்த படத்தைத் திறந்தாள்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்து. பெரிசு பண்ணு. இதோ பாரு, பிரியற இடத்துல. அண்ணனுக்கு இருந்த மாதிரியே." விரலால் திரையைத் தொட்டார். "யாரும்மா இது? இந்த ஆளை விடக் கூடாது. இப்பவே ஃபோன் போடு, கிளம்பி நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு."

டச்சப் ஃபோனை எடுக்கவில்லை. இந்தக் கண்ணைப் படம் எடுத்தபோது, தாடையை ஆட்டாதீங்க என்று யாரைச் செல்லமாக அதட்டினாள் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கண்ணை வேண்டுமானாலும் பார்க்கிற மனுஷன், தன் கண்ணுக்குள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவள் துடைத்துக் கொடுத்தது.

"எடும்மா ஃபோனை. என்ன உக்காந்திருக்கே?"

"ஃபோன் வேண்டாங்க" என்றாள். "அவர் இங்கேதான் உக்காந்திருக்கார்."

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர் நாற்காலி காலியாக இருந்தது.